முப்பத்தொன்றில் இரண்டு

பொன்மலர் அக்காவுக்கு எங்கள் கல்லீரல் பிரிவில் கொடுத்திருந்த வேலையின் பெயர் களப் பணியாளர். ஆள் தேடுகிறவர் என்று சொல்லியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். வேலூரில் எங்கள் மருத்துவமனையில் படுத்திருந்துவிட்டுப் போனவர்கள் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்து வருவதுதான் அந்த வேலை. நான் அதே பிரிவின் லேபில் டெக்னீஷியன். சோபனா. சேர்ந்த அன்று அவர்களுடைய ரத்தத்தை அளந்து எழுதுவது என் பொறுப்பு. "சோபனா ஆரம்பத்தை எழுதுது, பொன்மலர் முடிவை எழுதுறாங்க, நடுவுல நான் சும்மா நிக்கிறேன்" என்று எங்கள் டாக்டர் ஜெயசீலன் சொல்வார். அவர் சும்மா நிற்கிற ஆள் இல்லை. அந்த ஆராய்ச்சியே அவருடையதுதான்.

1999 ஜனவரியில் தொடங்கினோம். கல்லீரல் முற்றிலும் கெட்டு, கண் மஞ்சளாகி, வயிறு நீர் கோத்து வருகிற ஆட்களைப் பார்த்தால், இவர் தேறுவாரா மாட்டாரா என்று அனுபவமுள்ள டாக்டர்களே ஆளுக்கொன்று சொல்வார்கள். ஊகத்தை விட்டுவிட்டு ரத்தத்தைக் கேட்டால் என்ன என்பதுதான் டாக்டரின் யோசனை. நான்கே பரிசோதனைகள். மஞ்சள் எவ்வளவு என்று காட்டும் பிலிருபின். சிறுநீரகம் தளர்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின். உப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டும் சோடியம். கடைசியாக, ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்பது. இந்த நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாக்கினால், அந்த எண் ஒரு வருடத்தை முன்கூட்டிச் சொல்லுமா? வெளிநாடுகளில் அப்படிக் கணக்குகள் வரத் தொடங்கியிருந்தன. நம் பக்கத்து உடம்புக்கு அது பொருந்துமா என்று யாரும் பார்த்திருக்கவில்லை.

இரண்டு வருடத்தில் இருநூற்று நாற்பது பேரைச் சேர்த்தோம். எல்லோரும் எங்கள் மாவட்டத்துக்காரர்கள். தூரத்து மாநிலங்களிலிருந்து வருகிறவர்களை டாக்டர் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. "பஸ்ல போய்ப் பார்க்கிற தூரத்துல இருக்கணும்" என்றார். அந்த பஸ்ஸில் போனவர் பொன்மலர் அக்கா.

அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கணவர் மோசஸ் சாயிநாதபுரத்தில் பள்ளி ஆசிரியர். அக்கா அதற்கு முன் பதினைந்து வருடம் ஆவணப் பிரிவில் ஃபைல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். முகவரி என்று நோயாளிகள் எழுதிக் கொடுத்தவற்றைப் பார்த்தால் தபால்காரரே அழுதுவிடுவார். 'மசூதி பின்புறம், ஆம்பூர்.' 'ஏரிக்கரை, கலவை.' 'பெரிய வேப்பமரம் எதிர்வீடு.' அக்கா குடையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு காலை ஆறரை மணி பஸ்ஸில் கிளம்பிவிடுவார். ரேஷன் கடை, டீக்கடை, தோல் பதனிடும் டேனரி வாசல், சர்ச், மசூதி என்று கேட்டுக்கேட்டு ஆளைப் பிடித்துவிடுவார். ஒருவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் உடனே எழுத மாட்டார். இரண்டு பேர் சொல்ல வேண்டும், அல்லது இறப்புப் பதிவில் பார்க்க வேண்டும். அது அவரே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

2001 டிசம்பரில் கடைசி ஆளுக்கும் ஒரு வருடம் முடிந்தது. அக்காவின் பதிவேட்டில் இருநூற்று நாற்பது வரிசையிலும் கடைசிக் கட்டம் நிரம்பியிருந்தது, ஒரே ஒருவரைத் தவிர. "இந்த மாதிரி ஆராய்ச்சில நூத்துக்குப் பத்துப் பதினஞ்சு பேராவது காணாமப் போவாங்க. நமக்கு ஒருத்தர்தான்" என்று டாக்டர் எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டார். அக்காவுக்கு அந்த ஒருத்தர்தான் உறுத்தல். ஆம்பூர்க்காரர், பெயர் ஜியாவுதீன். வீடு மாறிப் போய்விட்டார்.

இதற்குள் கணக்கும் வந்துவிட்டது. எண் கூடக்கூட இறந்தவர்களும் கூடினார்கள், படிக்கட்டு மாதிரி. எல்லாவற்றுக்கும் மேல் படியில் முப்பத்தொரு பேர். அந்த முப்பத்தொரு பேரும் ஒரு வருடத்துக்குள் இறந்திருந்தார்கள். செப்டம்பரில் தில்லியில் நடக்கும் மாநாட்டுக்கு டாக்டர் அனுப்பிய சுருக்கத்தில் கடைசி வரி இதுதான்: இந்த எண்ணுக்கு மேல் போனவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

எனக்கு அந்த வரியில் ஒரு பெருமை இருந்தது. அந்த முப்பத்தொரு பேர் ரத்தத்தையும் அளந்தவள் நான். உறையும் நேரத்தை அப்போது கையால்தான் பார்ப்போம். வெந்நீர்த் தொட்டியில் கண்ணாடிக் குழாயைச் சாய்த்துச் சாய்த்து, நூல் மாதிரி உறைவு தெரிகிற நொடியில் ஸ்டாப்வாட்சை நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்தேன். என் கையில் ஓடின நொடிகள் ஒரு மனிதனின் ஒரு வருடத்தைச் சொல்லிவிட்டன என்றால் சும்மாவா?

2002 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜியாவுதீன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகத் தகவல் கிடைத்து அக்கா போனார். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் நோட்டை நீட்டி, பெயரும் எங்கிருந்து வருகிறார் என்பதும் எழுதச் சொன்னார். ஒல்லியான மனிதர், கத்தரித்த தாடி. அக்கா எழுதியதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த ஆஸ்பத்திரியாம்மா? நானும் அங்க படுத்திருந்தவன்தான். ஜெயசீலன் டாக்டர் நல்லாருக்காரா?"

"நல்லாருக்காரு. நீங்க எப்ப இருந்தீங்க?"

"ரெண்டாயிரத்துல. ரம்ஜான் முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். மஞ்சக்காமாலைன்னு சேர்த்தாங்க. வயிறு இந்தா இவ்ளோ பெருசு. நெனப்பே இல்ல எனக்கு."

அக்காவுக்குப் பட்டியல் மனப்பாடம். "உங்க பேரு?" என்று கேட்டார்.

"அப்துல் சமத்."

அவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்த மருத்துவமனை அட்டையை எடுத்துக் காட்டினார். எண் அதேதான். எங்கள் வரிசையில் நூற்றுப் பன்னிரண்டாவது ஆள். மேல் படியின் முப்பத்தொரு பேரில் ஒருவர். பதிவேட்டில் 'இறப்பு, 2000 ஏப்ரல் 4' என்று அக்காவின் முத்தான கையெழுத்தில் எழுதப்பட்டவர். அவர் அக்காவுக்கு உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, ஜியாவுதீனை இன்டர்காமில் கூப்பிட்டார்.

ஜியாவுதீனும் உயிரோடு இருந்தார். காணாமல் போன கடைசி ஆளும் கிடைத்தாயிற்று. ஆனால் அக்கா சாயங்காலம் லேபுக்கு வந்தபோது முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. பையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"சோபனா, நூத்திப் பன்னெண்டு உயிரோட இருக்காரு."

"இன்னாக்கா சொல்றீங்க? அது செத்துப்போன ஆளாச்சே."

"நான்தான் சாகடிச்சிட்டேன்."

எனக்கு முதலில் வந்த பயம் என்னைப் பற்றியது. ரத்தக் குழாய் மாறிவிட்டதா? வேறு யாரோ ஒருவரின் ரத்தத்தை இவர் பெயரில் அளந்துவிட்டேனா? ஒவ்வொருவர் ரத்தத்திலும் கொஞ்சத்தைப் பிரித்து டீப் ஃப்ரீசரில் வைத்திருந்தோம். மறுநாள் காலை நூற்றுப் பன்னிரண்டை எடுத்து உருக்கி, திரும்ப அளந்தேன். பிலிருபின் பதினான்கு. கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்பது. பழைய எண்களேதான். வார்டில் அடுத்தடுத்த நாட்களில் எடுத்த எண்களும் அதை ஒட்டியே இருந்தன. லேபிலும் தப்பில்லை, குழாயும் மாறவில்லை. அந்த ரத்தத்துக்குரிய மனிதர் மட்டும் ஆம்பூரில் கேட் திறந்துகொண்டிருந்தார்.

தப்பு நடந்தது ஒரு தபால் அட்டையில். 2001 கோடையில் அக்காவுக்கு டைபாய்டு வந்து இரண்டு மாதம் அலைய முடியவில்லை. அப்போது, அதுவரை நேரில் பார்க்காத எல்லோருக்கும் பதில் அட்டை இணைத்துத் தபால் போட்டோம். 'நலமாக இருக்கிறாரா? இல்லையெனில் இறந்த தேதி' என்று கேட்டிருந்தோம். சமத்தின் பழைய முகவரிக்குப் போன அட்டை, அதே தெருவில் இருந்த இன்னொரு அப்துல் சமத்தின் வீட்டுக்குப் போயிருக்கிறது. அந்த மனிதர் மாரடைப்பில் இறந்தவர். அவர் வீட்டார் அழுதுகொண்டே தேதியை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அக்கா உடம்பு தேறி வந்ததும் அட்டைகளைப் பார்த்துக் கட்டங்களை நிரப்பிவிட்டார்.

"ரெண்டு பேரைக் கேட்காம எழுதக் கூடாதுன்னு நானே சொல்லுவேன். அந்தக் கட்டம் காலியா இருக்கிறது புடிக்கல எனக்கு. நெரம்பணும்னு ஒரு வெறி" என்றார் அக்கா.

டாக்டர் ஜெயசீலனிடம் போனோம். அவர் பதிவேட்டை வாங்கி அந்த வரியைப் பார்த்தார். பிறகு, "சரி, நூத்திப் பன்னெண்டைத் திருத்திடுங்க. கடைசி வரியை மாத்தித் தில்லிக்கு எழுதிடறேன். இது மாதிரி நடக்கிறதுதான்" என்றார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், அட்டையை நம்பி எழுதின இறப்பு மொத்தம் முப்பத்தெட்டு இருக்கு."

"தெரியும்."

"ஒண்ணு தப்பாயிடுச்சுன்னா முப்பத்தெட்டும் எனக்குத் தப்பு மாதிரிதான். எல்லாத்தையும் போய்ப் பார்க்கணும்."

"பொன்மலர், நாலு மாசத்துல கட்டுரை முடிக்கணும். ஒருத்தர் ரெண்டு பேர் மாறுறதால கணக்கு மாறாது. நான் போட்டுப் பார்த்துச் சொல்றேன், படி அப்படியேதான் இருக்கும்."

"படி இருக்கட்டும் சார். 'ஒருத்தரும் பிழைக்கல'ன்னு எழுதியிருக்கோமே, அதை யாராவது படிச்சிட்டு, இந்த எண்ணா, சரி, இவங்களுக்கு மருந்து எழுதி என்ன பிரயோஜனம்னு வீட்டுக்கு அனுப்பிட்டா?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவரை எதிர்த்து அந்தப் பிரிவில் யாரும் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அக்கா நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

"ஜூன் பதினஞ்சுக்குள்ள முடிச்சிடுவீங்களா?" என்றார் டாக்டர் கடைசியில்.

"முடிச்சிடறேன் சார்."

ஏப்ரல், மே. எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாலாற்றில் மணல் பறக்கும். அக்கா குடியாத்தம், வாணியம்பாடி, ஆற்காடு, நெமிலி என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனார். உயிரோடு இருக்கிறவர் யாராவது கிடைத்தால் ரத்தம் எடுக்க என்னையும் அழைத்துப் போவதாக ஏற்பாடு. முதலில் போனது சமத்திடம்தான்.

ரயிலடிக்குப் பின்னால், இரண்டு அறை வீடு. சமத் எங்களைக் கண்டதும் சட்டையின் முழுக்கையை மடித்துக்கொண்டு தயாராக உட்கார்ந்துவிட்டார். அவர் கையைப் பிடித்து நரம்பைத் தேடினேன். இரண்டு வருடமாக எனக்கு அவர் பதினான்கு, ஒன்று புள்ளி ஒன்பது, இருபத்தொன்பது நொடி. இப்போது அவர் கை சூடாக இருந்தது. கைமயிரில் சோப்பு வாசனை. "பயப்படாம குத்துங்கம்மா, டேனரியில பதினெட்டு வருஷம் டிரம்முல வேலை செஞ்ச தோலு இது" என்று சிரித்தார்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார். அவர் கல்லீரலைத் தின்றது மஞ்சள் காமாலை வைரஸ். குடிப்பழக்கம் கிடையாது. அந்த வைரஸை அடக்கும் மாத்திரை அப்போதுதான் நம் பக்கம் வந்திருந்தது. ஆம்பூரிலேயே ஒரு டாக்டர் தொடர்ந்து பார்த்துக்கொண்டார், மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வைத்து மாத்திரையை வரவழைத்தார்கள். ஒரு நாள்கூட விடவில்லை. ஆறு மாதத்தில் வயிறு வடிந்தது. ஒரு வருடத்தில் எழுந்து நடந்தார். டிரம் வேலைக்கு இனி உடம்பு தாங்காது என்று கேட்டில் உட்காரவைத்தார்கள்.

அவர் மனைவி அன்வரி பேகம் டீ போட உள்ளே போனபோது அக்காவும் கூடப் போனார். கதவு பக்கத்திலேயே இருந்ததால் எனக்குக் கேட்டது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? ரெண்டு வருஷம் கழிச்சுத் தேடி வந்திருக்கீங்களே, செத்தவங்க லிஸ்டுல இவர் பேரு இருந்துச்சா?"

அக்கா ஒளிக்கவில்லை. "இருந்துச்சும்மா. நான்தான் எழுதினேன். விசாரிக்காம எழுதிட்டேன். மன்னிச்சுக்க."

உள்ளே டம்ளர்களைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

"உங்களை ஏன்க்கா நான் மன்னிக்கிறது? நானும்தான் மனசுல அப்படி எழுதிட்டேன். வார்டுல ஒரு சின்ன டாக்டரு, ரொம்ப நாள் இல்லம்மா, பசங்களை வரச் சொல்லுன்னாரு. நான் இவர்கிட்ட சொல்லவே இல்ல. எங்க மாமியாருக்கு மட்டும் சொன்னேன். அடக்கம் பண்ணச் சுத்துற கஃபன் துணிக்குக்கூட ஆள் அனுப்பிட்டாங்க. இவரு பாட்டுக்குத் தெனம் கேட்டுக் கேட்டு மாத்திரை சாப்புட்டாரு. இந்த மனுஷனுக்கு யாராவது சொல்லியிருந்தா பேஜாராகி மாத்திரையை விட்டிருப்பாரு. சொல்லாம இருந்ததுதான் நான் செஞ்ச ஒரே நல்ல காரியம்."

அன்று எடுத்த ரத்தத்தைச் சாயங்காலமே அளந்தேன். பிலிருபின் ஒன்று புள்ளி ஆறு. உறைய பதினைந்து நொடி. ஸ்டாப்வாட்சை நிறுத்திவிட்டு, லேபில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒருமுறை கைதட்டினேன்.

நெமிலியில் நடந்ததை அக்கா வந்து சொன்னபோது சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. வேதாசலம் என்று ஒரு விவசாயி. குடியால் கல்லீரல் போனவர். அவரும் மேல் படிதான். அட்டையில் அவர் அண்ணன் 'காலமானார்' என்று எழுதி, தேதியை விட்டுவிட்டிருந்தார். அக்கா வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஆமாம்மா, எங்களுக்கு அவன் செத்தவன்தான்" என்றாராம்.

"உங்களுக்குச் செத்தது சரிங்க. ஊருக்கு?"

"இன்னொருத்தியோட அரக்கோணத்துல போய்க் குடும்பம் நடத்துறான். அவன் பேரை இந்த வீட்டுல எடுக்கிறதில்ல."

"அப்ப உயிரோட இருக்காரு?"

"அந்தக் கேவலத்தை நான் என் வாயால சொல்லணுமா?"

மறுவாரம் அரக்கோணத்துக்கு நானும் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டிபன் கடை. வேதாசலம் கல்லில் தோசை திருப்பிக்கொண்டிருந்தார். கடைக்காரம்மா தன் பெயரை எழுதிக்கொள்ள வேண்டாம் என்றார். எங்களுக்கு அவர் பெயர் தேவையும் இல்லை. "என் கடைப்படி ஏறணும்னா வாயில சாராய நாத்தம் இருக்கக் கூடாதுன்னேன், அவ்ளோதான். ரெண்டு வருஷமாச்சு, ஒரு சொட்டு தொடல" என்றார். வேதாசலம் தலையைக் குனிந்தபடி, "தொடல" என்றார். ரத்தம் எடுத்து முடித்ததும் எங்கள் இருவருக்கும் தோசை போட்டார். அவருடைய எண்ணும் இறங்கியிருந்தது, சமத் அளவுக்கு இல்லாவிட்டாலும்.

என் ஊரான கலவையில் வேறு மாதிரி. நடுப் படியில் இருந்த கமலம் என்ற அம்மாள் இறந்தது நிஜம். ஆனால் அட்டையில் எழுதியிருந்த தேதிக்கு ஒரு வருடம் கழித்து. மகள் தேதியைச் சரியாக எழுதி வருடத்தைத் தவறவிட்டிருந்தாள். "ஒரு வருஷம் கூட இருந்தாங்கக்கா, பொங்கலுக்கு அவங்கதான் கோலம் போட்டாங்க" என்று அந்தப் பெண் அழுதபோது, அக்கா பதிவேட்டை மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் அவளோடு உட்கார்ந்திருந்தார்.

மற்ற முப்பத்தைந்து பேரும் இறந்தவர்கள்தான், அட்டையில் எழுதிய தேதிகளில். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாட்சி, அல்லது நகராட்சியிலோ வி.ஏ.ஓ.விடமோ உள்ள பதிவு. ஜூன் பன்னிரண்டாம் தேதி, மூன்று நாள் மிச்சம் வைத்து, அக்கா பதிவேட்டை டாக்டரின் மேசைமேல் வைத்தார்.

டாக்டர் சொன்னது சரிதான், படி அப்படியேதான் இருந்தது. எண் கூடினால் ஆபத்து கூடுகிறது. என் ஸ்டாப்வாட்ச் பொய் சொல்லவில்லை. ஆனால் மேல் படியில் முப்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேர் இறந்தார்கள், இரண்டு பேர் பிழைத்தார்கள். டாக்டர் அந்த இருவரின் ஃபைலையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு சோபனா. ஒருத்தருக்கு வைரஸ் அடங்கிடுச்சு. இன்னொருத்தருக்குக் குடி நின்னுடுச்சு. கல்லீரலைக் கெடுத்தது எதுவோ அது போயிடுச்சு, ரெண்டு பேருக்கும். சேர்ந்த அன்னைக்கு ஆள் எங்க நிக்கிறான்னு ரத்தம் சரியாத்தான் சொல்லியிருக்கு. காரணம் நீங்கினா எங்க போவான்னு அதுக்கு எப்படித் தெரியும்?" குரலில் ஒரு சின்னப் பையனின் பரபரப்பு. "இதைத்தான் எழுதப்போறேன். முதல்ல எழுதினதைவிட இது பெரிய விஷயம்."

ஆகஸ்டில், மாநாட்டுக்கு முன் ஒத்திகை மாதிரி, எங்கள் பிரிவின் கூடத்தில் டாக்டர் ஆராய்ச்சியைப் பேசிக் காட்டினார். தில்லியிலிருந்து வேறு வேலையாக வந்திருந்த வயதான ஒரு பேராசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். நாங்கள் கடைசி வரிசை. பேசி முடித்ததும் அவர் ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி: "தொடர்பு விட்டுப்போனவர்கள் எத்தனை பேர்?"

"ஒருவரும் இல்லை" என்றார் டாக்டர்.

பேராசிரியர் சிரித்துவிட்டார். "இருநூற்று நாற்பது பேரில்? கிராமங்களில்? இதை நம்பச் சொல்கிறீர்களா?"

டாக்டர் கோபப்படாமல் கடைசி வரிசையைப் பார்த்தார். "பொன்மலர், இப்படி வாங்க."

அக்கா எழுந்து போனார். கருநீலப் புடவை, கையில் பதிவேடு. பேராசிரியர் டாக்டரின் பட்டியலை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு விரலை வைக்கிற மாதிரி ஒரு எண்ணைச் சொன்னார். நாற்பத்தேழு. அக்கா பதிவேட்டைத் திறக்கவில்லை.

"குடியாத்தம் சார். நெசவு வேலை. சேர்ந்த பத்தாவது மாசம் இறந்துட்டார். சொன்னது மகளும் எதிர்வீட்டுக்காரரும். நகராட்சிப் பதிவையும் பார்த்தேன்."

டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார். பேராசிரியர் பட்டியலில் சரிபார்த்தார். நூற்று எண்பத்தெட்டு என்றார்.

"உயிரோட இருக்காங்க. வாணியம்பாடி. பேரனுக்குக் கல்யாணம்னு பத்திரிகை வச்சாங்க எனக்கு."

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. மூன்றாவதாக, தற்செயலாகத்தான், நூற்றுப் பன்னிரண்டு என்றார். அக்கா அதற்கு மட்டும் பதிவேட்டைத் திறந்தார்.

"அது நான் செஞ்ச தப்பு சார். உயிரோட இருக்கிறவரைச் செத்துட்டார்னு எழுதியிருந்தேன்."

தபால் அட்டையிலிருந்து ஷூ கம்பெனி கேட் வரைக்கும், முப்பத்தெட்டு வீட்டுக்கும் திரும்பப் போனது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். அக்கா முடித்ததும் அந்தப் பேராசிரியர் எழுந்து நின்றார். தமிழ் தெரியாதவர். கைகூப்பி, யாரிடமோ கற்றுக்கொண்ட ஒரே சொல்லைச் சொன்னார்: "வணக்கம்." அக்காவும் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வணக்கம் சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கட்டுரை 2003 கடைசியில் அச்சாகி வந்தது. ஐந்து பெயர்களில் நான்காவது எம். பொன்மலர், ஐந்தாவது என்னுடையது. களப் பணியாளர் பெயரை யாரும் போடுவதில்லை என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னதற்கு, "அவங்க இல்லன்னா என் பேரையும் போடக் கூடாது" என்று டாக்டர் சொன்னதாகக் கேள்வி. மோசஸ் சார் தன் பள்ளியில் ஆசிரியர் அறையில் அதைச் சுற்றுக்கு விட்டாராம். கல்லீரலைப் பற்றி ஒன்றும் தெரியாத கணக்கு வாத்தியார்கூட நான்கு பக்கத்தையும் படித்தாராம்.

ஒரு நகலை எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஆம்பூர் போனோம். சமத் கேட்டில்தான் இருந்தார். கன்னம் இன்னும் கொஞ்சம் பூசியிருந்தது. தாள்களை வாங்கிப் புரட்டினார். எல்லாம் ஆங்கிலம்.

"இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

"பேரு போட மாட்டாங்க. போடவும் கூடாது" என்றார் அக்கா. மூன்றாம் பக்கத்தில் இருந்த அட்டவணையின் கடைசி வரியைக் காட்டினார். "இங்க பாருங்க. முப்பத்தொரு பேரு. இருபத்தொம்போது பேரு போய்ட்டாங்க. ரெண்டு பேரு இருக்காங்க. அந்த ரெண்டுல ஒண்ணு நீங்க."

சமத் அந்த இரண்டின்மேல் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"இன்னொருத்தர் யாரும்மா?"

"அதைச் சொல்லக் கூடாதுங்க."

"நல்லாருக்காரா?"

"நல்லாருக்காரு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "அந்த இருபத்தொம்போது பேரு வீட்டுக்கும் நீங்க போனீங்களா?"

"எல்லார் வீட்டுக்கும் போனேன்."

அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார். அதற்குள் ஷிப்ட் முடிந்து சைரன் ஊதியது. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கேட்டைத் தள்ளித் திறந்தார். பெண்கள் டிபன் பாக்ஸோடு கூட்டமாக வெளியே வந்தார்கள். "இன்னா பாய், யாரு வந்திருக்காங்க?" என்று ஒருத்தி நடந்துகொண்டே கேட்டாள்.

"வேலூர்லேருந்து என்னைப் பாக்க வந்திருக்காங்க" என்றார் சமத், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.